இரவல் மேகம்

மூடுபனி இறந்து இரண்டு வருஷம் கழித்து, அவர் எடுத்த படங்கள் இருபத்து மூன்று அட்டைப் பெட்டிகளில் அடங்கி ஆவணக் காப்பகத்துக்குப் புறப்பட்டன. அனுப்பி வைத்தது அவர் மனைவி. பெட்டிகள் வண்டியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர், "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும், இல்லையா?" என்று இழுத்தார்.

"கஷ்டமா? நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு என் துணி அலமாரி இன்னிக்குத்தான் எனக்குத் திரும்பக் கிடைச்சிருக்கு" என்றார் அந்த அம்மாள்.

மூடுபனி என்பது அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் இல்லை. புகைப்படச் சங்கத்துக்காரர்கள் வைத்தது. கடைத்தெருவில் அவருக்கு ஒரு ஸ்டுடியோ இருந்தது. வாரத்தில் ஆறு நாள் பாஸ்போர்ட் படம் எடுப்பார். இரண்டு காதும் தெரிய வேண்டும், நெற்றியில் முடி விழக் கூடாது, மூக்கின் நிழல் கன்னத்தில் படக் கூடாது. ஏழாவது நாள், அந்த ஆறு நாளுக்கும் சேர்த்துப் பழி வாங்குவார். கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கோ பாலத்தடிக்கோ பழைய ஆலைப் பக்கமோ போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமைப் படங்களில் எதுவும் பளிச்சென்று தெரியவே கூடாது. புகைப்படம் என்றால் ஓவியம் மாதிரி இருக்க வேண்டும், பார்க்கிறவனுக்கு முதலில் மனசு கனக்க வேண்டும், அப்புறம்தான் அது மரமா மாடா என்று தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக லென்ஸின் முகத்தில் மெல்லிய பட்டுத் துணியை இழுத்துக் கட்டுவார். அந்தக் கலைக்கு மூன்று ஜன்னல் திரைகளும், மனைவி ஒரே ஒரு தடவை போட்டிருந்த ஒரு பட்டுக் கழுத்துத் துணியும் பலியாயின.

படங்களுக்கு அவர் வைத்த பெயர்களும் அதே ரகம்தான். 'பிரிவு', 'மௌனம்', 'உழைப்பின் மாலை', 'அவள் வரவில்லை'. நாடு நாடாகப் போட்டிகளுக்கு அனுப்பினார். பதக்கங்கள் வந்தன. வீட்டில் அவை தையல் பெட்டிக்குள் பொத்தான்களோடு கிடந்தன.

காப்பகத்தில் இந்தப் பெட்டிகளைப் பிரித்துப் பட்டியல் போடும் வேலை ஒரு பெண்ணிடம் வந்தது. அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பட்டியல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது வயது, ஒரு மூக்குக்கண்ணாடி, இரண்டு ஜோடி வெள்ளைக் கையுறை. ஒரு படத்துக்கு எண் போட்டு, அளவு எழுதி, அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதாமல் அவள் அடுத்த படத்தைத் தொட மாட்டாள். 'மௌனம்' என்று தலைப்பு இருந்தால் அவளுக்குப் போதாது. யாருடைய மௌனம், எந்த இடம், எந்த வருஷம் என்று தெரிந்தாக வேண்டும்.

அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் பிரதிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு அந்த அம்மாளைப் பார்க்கப் போனாள்.

"அம்மா, இந்தப் படம்... 'துயரம்'. ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்து கன்னத்துல கை வெச்சிருக்கறது நீங்கதானே?"

அம்மாள் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். "நான்தான். ஈயம் பூச வந்தவன் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு ஓடிட்டான் அன்னிக்கு. என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். இவரு 'அசையாதே, அப்படியே இரு'ங்கறாரு. அவன் தெருக்கோடி தாண்டிப் போறான், நான் அசையாம இருக்கேன்!"

பட்டியல்காரி யோசித்துவிட்டு, 'ஜன்னலருகே பெண். கலைஞரின் மனைவி' என்று எழுதிக்கொண்டாள். பாத்திரத்தை விட்டுவிட்டாள்.

பத்தாவது பெட்டி வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ஒரு நாள் நீள மேஜையில் கடல் படங்களை எல்லாம் வரிசையாகப் பரப்பி வைத்துவிட்டுத் தேநீர் எடுத்து வரப் போனாள். திரும்பி வந்து தள்ளி நின்று பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. முதல் படத்தில் வானத்தில் ஒரு மேகம், படுத்திருக்கிற பூனை மாதிரி, வாலை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு. நான்காவது படத்திலும் அதே பூனை. ஏழாவதில் பூனை வலது பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. தேநீரை மறந்துவிட்டு மற்றப் பெட்டிகளையும் திறந்தாள். மலைமேல் பூனை. பாலத்துக்குப் பின்னால் பூனை. ஆலைப் புகைபோக்கியின் மேல், புகையில் பாதி மறைந்து, வால் மட்டும் தெரிகிற பூனை. மொத்தம் முப்பத்தொரு படம். ஒரே ஒரு மேகம் இருபது வருஷம் ஊர் ஊராகச் சுற்றி வந்திருக்கிறது!

அதில் தப்பில்லை என்பது அவளுக்குத் தெரியும். கடலுக்கும் படகுக்கும் தக்கபடி வெளிச்சம் வைத்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகப் போய்விடும். அதனால் அந்தக் காலத்துக் கலைஞர்கள் நல்ல மேகம் கிடைத்த நாளில் அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வார்கள். பிறகு இருட்டறையில் ஒரே தாளில் கீழே கடலையும் மேலே மேகத்தையும் அடுத்தடுத்து அச்சிடுவார்கள். அது மோசடி ஆகாது. மேகம் சொந்த மேகமாக இருக்கிற வரைக்கும்.

மேகத்தின் நெகட்டிவ் பதினான்காவது பெட்டியில் இருந்தது. உறையின்மேல் மூடுபனியின் கையெழுத்து: 'ப.-விடம் திருப்பித் தர வேண்டும்.' கீழே வேறு வேறு மையில், 'இன்னும் ஒரு வாரம்', 'அடுத்த மாதம் கட்டாயம்', 'கேட்டால் தரலாம்'.

யார் இந்த ப.?

செவ்வாய்க்கிழமை அம்மாளிடம் கேட்டாள்.

"ப-ன்னா... பக்கத்துக் கடை பேப்பர்காரரா இருக்குமோ? அவருக்கு மேகத்தைப் பத்தி என்ன தெரியும்? பாவம், மழை வந்தாக் கடைய மூடுவாரு, அவ்வளவுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார். "இதோ பாரும்மா, யாரை வேணா சேத்துக்கோ. அந்தப் பல் டாக்டர் பேரை மட்டும் இந்தப் பட்டியல்ல ஏத்திடாதே. அவரு எப்பவும் எங்களுக்கு ஆகாதவரு."

"யாரும்மா அவரு?"

முப்பத்தேழு வருஷத்துப் பகை. கேட்ட மாத்திரத்தில் கொட்டிவிட்டது. பல் டாக்டரும் சங்கத்து ஆள். ஒரு காலத்தில் மூடுபனிக்கு உயிர்த்தோழன். இரண்டு குடும்பமும் ஒரே வீடு மாதிரி இருந்தது. அவரை இந்த அம்மாள் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். டாக்டர் மனைவியும் இவரும் சேர்ந்து துணி தைத்து, சேர்ந்து சினிமா பார்த்து, ஒருத்தி அழுதால் மற்றவள் மூக்கைச் சிந்துகிற அளவுக்குச் சினேகம். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பல் டாக்டர் எழுந்து, "உன் படத்தைப் பார்த்தா மூக்குக்கண்ணாடிய தொலைச்சவன் எடுத்த மாதிரி இருக்கு" என்றார். மூடுபனி, "உன் படத்தைப் பார்த்தா வாயைத் திறக்கச் சொல்லுவியோன்னு பயமா இருக்கு" என்று சொல்லி, கையிலிருந்த தேநீரை அவர் தொப்பியில் ஊற்றினார். அன்றோடு சரி. சங்கம் இரண்டாகப் பிளந்தது. பனிக் கட்சி ஒரு பக்கம், பல் கட்சி ஒரு பக்கம். நாற்காலிகளுக்கு நடுவே ஆள் நடக்கிற அகலத்துக்கு வழி விட்டுத்தான் போடுவார்களாம்.

"அதுக்கப்புறம் நானும் அவகூடப் பேசலை. தெருவுல அவ வந்தா நான் அந்தப் பக்கம் போயிடுவேன். என் புருஷனை அவமானப்படுத்தினவர் வீட்டோட எனக்கு என்ன பேச்சு? இவரு போனப்போ அந்த ஆளு வந்தாரு. கடைசி வரிசையில தனியா நின்னாரு. 'எதிரி நிஜமாவே போயிட்டானான்னு சரி பார்க்க வந்திருக்கான்'னு ஜனங்க பேசிக்கிட்டாங்க. அவளும் வந்தா. எதிர்ப் பக்கம் விளக்குக் கம்பத்துக்கிட்ட நின்னுட்டு, உள்ள வராமலே போயிட்டா." அம்மாள் பூதக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பட்டியல்காரி காப்பகத்துக்குத் திரும்பி, சங்கத்தின் பழைய ஆண்டு மலர்களை வரவழைத்தாள். பல் டாக்டருக்குத் தங்கப் பதக்கம் வாங்கித் தந்த படம் ஒன்று முழுப் பக்கத்தில் இருந்தது. நாணலுக்குள் சாய்ந்து கிடக்கும் ஒற்றைப் படகு, ஒரு துடுப்பு முறிந்தது. அந்தப் படகை அவள் எங்கேயோ பார்த்திருந்தாள். எழுந்து போய் ஆறாவது பெட்டியைத் திறந்தாள். நெகட்டிவ் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. அதே நாணல், அதே முறிந்த துடுப்பு. உறையில் மூடுபனியின் கையெழுத்தில் இரண்டே வார்த்தை: 'மேகத்துக்குப் பதில்'.

பட்டியல்காரிக்குச் சிரிப்பு வந்தது. அலுவலகம் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

பல் டாக்டருக்கு எண்பத்திரண்டு வயது. பல் பிடுங்குவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தாலும், மருத்துவமனை இருந்த கீழ்த்தளத்து அறையை அப்படியே வைத்திருந்தார். நோயாளிகள் சாய்ந்து உட்காரும் நாற்காலியில் அவரே சாய்ந்து உட்கார்ந்து, தலைக்கு மேலே இருந்த பெரிய விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். பட்டியல்காரி காப்பகத்திலிருந்து வருவதாகச் சொல்லி, இரண்டு பிரதிகளை எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஒன்று படகு, ஒன்று மேகம்.

டாக்டர் பார்த்தார். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது. நாற்காலியின் மிதியை அழுத்தி நேராக நிமிர்ந்தார்.

"அப்பாடா! ஒருத்தராவது கண்டுபிடிச்சீங்களே! இத்தனை வருஷத்துல எத்தனை நடுவர், எத்தனை நிபுணர்! ஒரு ஆளுக்கும் கண்ணு தெரியலியேன்னு எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வருத்தம்."

"இந்த மேகம் உங்களோடதா சார்?"

"இதோ இந்த ஜன்னல்ல எடுத்தது. ஒருத்தருக்குக் கடவாய்ப் பல்லு. வாயைத் திறக்கச் சொல்லிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், வானத்துல இவ்வளவு பெரிய பூனை. 'அப்படியே இருங்க'ன்னு சொல்லிட்டுக் கேமராவை எடுத்தேன். கால் மணி நேரம் அவரு வாயை மூடலை. நல்ல மனுஷன். எனக்கு மேகம் இருந்தது, கீழ வைக்க ஒண்ணும் இல்லை. அவன்கிட்டப் படகு இருந்தது, மேல வைக்க ஒண்ணும் இல்லை. மாத்திக்கிட்டோம். பேராசை பாருங்க, அதோட நிக்கலை. ஒரு மரம் குடு, ஒரு அலை எடுத்துக்கோன்னு வருஷக்கணக்காப் போச்சு."

"சங்கத்து விதி...?"

"அதான் வம்பு. படம் முழுக்க அனுப்பறவன் கையாலயே ஆகியிருக்கணும்னு விதி. ஒரு வருஷம் வெளியூர் நடுவர் ஒருத்தர் 'இந்த ரெண்டு பேரும் ஒரே எடத்துல நின்னு எடுக்கறாங்களா?'ன்னு கேட்டுட்டாரு. சண்டை போட்டுக்கிட்டா யாரும் சந்தேகப்பட மாட்டாங்கன்னு அவன்தான் சொன்னான். மூணு நாள் இதே அறையில ஒத்திகை பார்த்தோம். தேநீரைத் தொப்பியில ஊத்தினது மட்டும் ஒத்திகையில இல்லை. அது அவனுக்கா அந்த நேரத்துல தோணினது. கலைஞன் இல்லையா!"

"அப்புறம் சமாதானம் ஆகியிருக்கலாமே சார்?"

"எப்படி ஆகறது? நாங்க ஒண்ணாயிட்டா, எங்களுக்காகச் சண்டை போட்ட அறுபது பேரு கதி? ஒருத்தர் தன் சொந்தத் தம்பியையே விட்டுட்டு என் கட்சிக்கு வந்திருந்தாரு." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மாசத்துக்கு ஒரு தடவை பின்பக்க வழியா வருவான். வீட்டுல பல் வலின்னு சொல்லிட்டு, ஊருக்கு அந்தக் கோடியில வேற ஒரு டாக்டர்கிட்டப் போறதாக் கணக்கு. நான் இந்த நாற்காலியில, அவன் அந்த ஸ்டூல்ல. முப்பத்தஞ்சு வருஷம். போன அன்னிக்குப் பக்கத்துல நின்னு அழக்கூட முடியலை எனக்கு. எதிரி எப்படி அழறது?"

பட்டியல்காரி எழுந்து நின்று, தன் வேலையைச் சொன்னாள். பட்டியலில் மேகம் யாருடையது என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

"எழுதுங்க, நல்லா எழுதுங்க. ஆனா என் வீட்டுக்காரிக்குத் தெரிய வேண்டாம். அவளுக்கும் இது தெரியாது. அவன் வீட்டுக்காரி, என் தங்கச்சி, அவளுக்கும் தெரிய வேண்டாம்."

"அந்த அம்மா ஒவ்வொரு பக்கமாப் படிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் சார் பட்டியல் செல்லும்."

"அவளுக்குக் கண்ணு சரியாத் தெரியாதே?"

"பூதக்கண்ணாடி வெச்சிருக்காங்க."

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி சாய்ந்தார். "கொஞ்சம் சின்ன எழுத்தாப் போடறீங்களா?"

சின்ன எழுத்தாகப் போடுகிற பழக்கம் பட்டியல்காரிக்கு இல்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மாள் படித்துக்கொண்டே வந்தார். முதல் ஐம்பது பக்கத்துக்கு மள மளவென்று கையெழுத்து. ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் பூதக்கண்ணாடி நின்றது. முன்னால் போனது, பின்னால் வந்தது.

"'கடல், படகு: கலைஞர். மேகம்: பல் டாக்டர்.' என்னம்மா இது?"

பட்டியல்காரி எல்லாவற்றையும் சொன்னாள். ஒளிக்கத் தெரியாதவள், ஒத்திகையைக்கூட விடவில்லை. கேட்டு முடித்ததும் அம்மாள் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"மாசத்துக்கு ஒரு தடவை பல் வலி, பல் வலின்னு போவாரு. போய்ச் சேர்ந்தப்போ முப்பத்திரண்டு பல்லும் முத்து மாதிரி இருந்துச்சு. யாரோ நல்ல டாக்டர்னு நெனச்சேன்!" எழுந்தார். "என் குடை எங்க?"

"மழை இல்லையேம்மா."

"மழைக்குன்னு யாரு சொன்னா?"

நான்கு தெரு தள்ளித்தான் டாக்டர் வீடு. அம்மாள் அந்த வாசலை மிதித்து முப்பத்தேழு வருஷம் ஆகியிருந்தது. பட்டியல்காரி பின்னாலேயே ஓடினாள். மணியை அடித்ததும் கதவைத் திறந்தது டாக்டர் மனைவி. கையில் காய்கறி நறுக்கிய ஈரம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். டாக்டர் மனைவி ஈரக்கையை உடையில் துடைத்தார், மறுபடி துடைத்தார்.

"அக்கா... எளைச்சுப் போயிட்டியே அக்கா" என்றார்.

"எளைக்காம? உன் புருஷனும் என் புருஷனும் பண்ண கூத்தைக் கேளு முதல்ல."

வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தார். டாக்டர் மனைவியின் முகம் வெளுத்து, சிவந்து, ஒரு நிலைக்கு வந்தது. "என் பொண்ணு கல்யாணத்துக்கு உனக்குன்னு தனியா ஒரு நாற்காலி போட்டு வெச்சிருந்தேன் அக்கா. யாரையும் உட்கார விடலை. நீ வரலை."

"எனக்கு அழைப்பே வரலியேடி."

"அழைச்சா நீ திருப்பி அனுப்பிடுவேன்னு அவரு சொன்னாரு."

இருவரும் ஒன்றாகக் கீழ்த்தளத்து அறைக்குள் நுழைந்தார்கள். டாக்டர் பத்திரிகையால் முகத்தை மூடிக்கொண்டு, காது கேளாதவர் போல அசையாமல் இருந்தார்.

"அண்ணா!"

பத்திரிகை மெதுவாக இறங்கியது. "வா தங்கச்சி. சௌக்கியமா?"

"யாருக்கு யாரு தங்கச்சி? எங்களுக்கு ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை!"

"சொல்லலாம்னு நெனச்சோம். அவன்தான்... உங்க ரெண்டு பேர்ல யாருக்குத் தெரிஞ்சாலும் சாயந்திரத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிடும்னு..."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். டாக்டர் மனைவி நாற்காலியின் மிதியை ஓர் அழுத்து அழுத்தினார். நாற்காலி பின்னால் சாய்ந்து, டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டு மல்லாந்தார். அம்மாள் பெரிய விளக்கை இழுத்து நேராக அவர் முகத்தில் போட்டார். அடுத்த முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள். முப்பத்தேழு வருஷத்தில் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியிருந்த பிறப்பு, இறப்பு, ஆஸ்பத்திரி, வீடு மாற்றம் எல்லாம் அவர் தலைக்கு மேலாகக் குறுக்கும் நெடுக்கும் போயின. நடு நடுவே இருவரும் குனிந்து அவரைத் திட்டிக்கொண்டார்கள். மூடுபனியின் கடைசி நாட்களைப் பற்றி அம்மாள் சொல்லும்போது டாக்டர் விளக்கொளியில் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணோரத்தில் வழிந்தது காதுப் பக்கம் போனது. அதைப் பார்த்ததும் அம்மாளே விளக்கைத் தள்ளிவிட்டு, குடையைக் கீழே வைத்தார்.

"இப்பவாவது அழுங்கண்ணா" என்றார்.

பட்டியல்காரி வெளியே வந்து, கதவை மெல்லச் சாத்தினாள்.

பட்டியலில் அம்மாள் கையெழுத்துப் போட்டார். மேகம் இருந்த முப்பத்தொரு படத்திலும் டாக்டர் பெயர் ஏறியது. சங்கத்தில் செய்தி பரவியதும் மிச்சமிருந்த கிழட்டு உறுப்பினர்கள் கொதித்துப் போனார்கள். பனிக் கட்சியும் பல் கட்சியும் வாழ்நாளில் முதல்முறையாக ஒரே பக்கம் உட்கார்ந்து, ஒரே தீர்மானத்தில், இரண்டு பேரையும் கண்டித்தார்கள். டாக்டர் தன் படங்களையும் காப்பகத்துக்கே தருவதாக எழுதிக் கொடுத்தார். பதினெட்டுப் பெட்டி. பட்டியல்காரியின் மேலதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார்.

டாக்டர் மனைவி அம்மாளின் வீட்டுக்கு வந்தது அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. பட்டியல்காரியும் அங்கே இருந்தாள். முன்னறைக்குள் வந்தவர் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். கடலைப் பார்த்தபடி கற்சுவரில் உட்கார்ந்திருக்கும் பெண். முதுகு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் சாய்த்து வைத்த குடை. காப்பகத்துக்குத் தர மாட்டேன் என்று அம்மாள் பிடிவாதமாக வைத்துக்கொண்ட ஒரே படம்.

"அவரு எடுத்ததுலயே எனக்குப் பிடிச்சது இதுதான்" என்றார் அம்மாள். "நான் அவரோட கடலுக்குப் போன நாள்ல எப்பவோ எடுத்திருக்காரு. எனக்குத் தெரியவே தெரியாது."

"அக்கா, அது நான்."

"நீயா? என் முதுகு எனக்குத் தெரியாதா?"

"உன் முதுகை நீ எப்பக்கா பார்த்தே? அந்தக் குடையோட பிடியப் பாரு, வாத்துத் தலை. எங்க மாமியார் குடுத்தது. இன்னும் வீட்டுல இருக்கு."

அம்மாள் பூதக்கண்ணாடியை எடுத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வாத்துத் தலைதான்.

"முப்பத்தஞ்சு வருஷமா..." என்று நாற்காலிமேல் நின்றபடியே திரும்பினார். "முப்பத்தஞ்சு வருஷமா வாராவாரம் உன் முதுகையா துடைச்சுக்கிட்டு இருந்தேன்!"

டாக்டர் மனைவிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாளும் சிரிக்க ஆரம்பித்து, இறங்க முடியாமல் தடுமாறி, பட்டியல்காரி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் தகராறு வந்தது. என் முதுகு, நான் எடுத்துப் போகிறேன் என்றார் ஒருவர். என் சுவர், இங்கேதான் இருக்கும் என்றார் மற்றவர். நெகட்டிவ் யாருடையது என்று கேட்கப் போனால் அது வேறு தலைவலி. கடைசியில் ஆளுக்கு ஆறு மாதம் என்று முடிவாயிற்று. கொண்டு போய்க் கொண்டு வருகிற வேலை டாக்டருடையது என்று அவர் இல்லாமலே தீர்மானம் ஆனது.

"இதுக்கு என்னன்னு எழுதிக்கிட்டேம்மா?" என்று அம்மாள் பட்டியல்காரியிடம் கேட்டார்.

"இன்னும் எழுதலைம்மா. இது எங்க பெட்டியில இல்லையே."

"அப்ப எழுத வேண்டாம்" என்றார் டாக்டர் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வா அக்கா, சினிமாவுக்கு நேரமாச்சு."